மலர்விழி பேருக்கு வந்த டிக்கெட்

லிஸ்பன் நகரத்து ஓட்டலின் வரவேற்பறையில் வைத்துத்தான் மலர்விழியின் புருஷன் மயில்சாமி அந்த விஷயத்தைச் சொன்னார். அதுவும் பஸ் வந்து நின்ற பிறகு. அவள் மேட்ச்சுக்கு வர வேண்டாம், மற்றப் பெண்களோடு கடைவீதிக்குப் போய்வரட்டும் என்றார். அவளுடைய டிக்கெட்டை ஓமலூர் சின்னுசாமியின் மச்சானுக்குக் கொடுத்தாயிற்றாம்.

மலர்விழிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது மடல் வரைக்கும் சுட்டது.

மயில்சாமிக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் குழாய்க் கடை. நன்றாக விற்றுக் கொடுக்கும் கடைக்காரர்களைக் குழாய்க் கம்பெனி வருஷா வருஷம் குடும்பத்தோடு வெளிநாடு கூட்டிப்போகும். போன இரண்டு தடவையும் மலர்விழி வரமாட்டேன் என்றுவிட்டாள். இந்தத் தடவை பயணத் திட்டத்தில் ஒரு கால்பந்து ஆட்டம் இருந்ததைப் பார்த்துத்தான் கிளம்பினாள். அவள் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். பல்கலைக்கழக அணியில் மூன்று வருஷம், இடப்பக்கம் காக்கும் லெஃப்ட் பேக்காக ஆடியவள். வலையில்லாத கோல் கம்பத்தை வைத்துக்கொண்டு பதினாலு பெண்பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கிறாள்.

"என்னைக் கேக்காம எப்படிங்க குடுத்தீங்க?" என்றாள்.

மயில்சாமி குரலைத் தாழ்த்தினார். சின்னுசாமி கடைக்காரர்களில் பெரிய கை, கம்பெனியில் அவர் பேச்சு எடுபடும், கடைசி நேரத்தில் மச்சானையும் கூட்டி வந்துவிட்டார், கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "மேட்ச்சை நாளைக்கு செல்லுல பாத்துக்கலாம் கண்ணு" என்றார்.

பத்தொன்பது வயதில் மாநில முகாமுக்கு அவள் தேர்வாகியிருந்தாள். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று அப்பா அனுப்பவில்லை. அவரும் அடுத்த வருஷம் பாத்துக்கலாம் கண்ணு என்றுதான் சொன்னார். அன்று அழுதாள். இன்று அழுகை வரவில்லை.

வாசலில் சின்னுசாமியும் மச்சானும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேரே அவர்களிடம் போனாள்.

"ஏனுங்ணா, இவரு கையில இருக்கறது என்ற டிக்கெட்டுங்க. பேரு போட்டிருக்குது, பாருங்க."

சின்னுசாமி சிரித்தார். அத்தனை கூட்டத்தில் பொம்பளை போய் இடிபட வேண்டுமா என்றார். மச்சான் பாவம், இவ்வளவு தூரம் ஆசையாக வந்திருக்கிறான் என்றார்.

"நானும் அவ்வளவு தூரந்தானுங்க வந்திருக்கேன்" என்றவள், மச்சானின் விரலிடுக்கிலிருந்த தாளை உருவிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். மயில்சாமி பின்னாலேயே ஏறினார்.

அரங்கத்தில் மயில்சாமி அவள் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் குழாய்க் கடைக்காரர்கள் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தார்கள். முதல் கோல் அவர்கள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. கோல் போட முன்னே ஏறிப் போன சிவப்புச் சட்டை லெஃப்ட் பேக், திரும்பி ஓடி வராமல் நடந்து வந்ததால் விழுந்த கோல். மலர்விழி எழுந்துவிட்டாள்.

"நடந்தாடா வர்றே? உன்ற எடத்தை எவன் வந்து பாப்பான்?" தொண்டை கிழியக் கத்தினாள்.

அடுத்த இருக்கையில் சிவப்புத் துண்டு போட்டிருந்த பெண்ணும் அதே ஆளைத் தன் பாஷையில் வைதுகொண்டிருந்தாள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று மயில்சாமி கையைப் பிடித்து இழுத்தார். மலர்விழி உதறினாள். அப்பாவிடம் கேட்காதது, புருஷனிடம் கேட்டும் பதில் கிடைக்காதது, அத்தனையையும் அந்த லெஃப்ட் பேக்கின் தலையிலேயே இறக்கினாள். ஆட்டம் முடிந்தபோது குரலே இல்லை.

ஊர் திரும்பிய நாலாம் நாள், அவர் மறந்துவிட்டுப் போன குடோன் சாவியைக் கொடுக்கக் கடைக்குப் போனாள். மயில்சாமி போர் போடும் ரிக் லாரிக்காரர்கள் இரண்டு பேரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஊட்டுக்காரிக்குப் பந்தாட்டம் என்றால் உயிர், அதற்காகவே கூட்டிப் போய்க் காட்டினேன் என்றார்.

"நீங்க காட்டலீங்க" என்றாள் மலர்விழி. "என்ற டிக்கெட்டை வேறாளுக்குக் குடுத்தீங்க. நான் புடுங்கிட்டுப் போனேன்."

லாரிக்காரர்கள் டீ டம்ளரைப் பார்த்தார்கள். மயில்சாமி முகம் கறுத்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் தட்டில் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை. எட்டாம் நாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, தான் செய்தது தப்புத்தான் என்றார் மயில்சாமி.

"இங்க எதுக்குங்க சொல்றீங்க? கடையில அந்த லாரிக்காரங்க இருக்கறப்பச் சொல்லுங்க" என்றாள்.

அவர் இன்னும் சொல்லவில்லை. அவளும் விடவில்லை.