ஆல்பத்தில் இருந்தது, படத்தில் இல்லை

கையுறைத் தொழிற்சாலையில் மனோகரனுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை, ஓட்டை தேடுவது. கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கேயாவது கசிகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். நூறு கையுறையில் தொண்ணூற்றொன்பது நல்லதாகத்தான் இருக்கும். அந்தத் தொண்ணூற்றொன்பதுக்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. அந்தப் புத்தி வேலை முடிந்த பிறகும் அவரை விடவில்லை. பாசாரில் மீன்காரன் "இன்னிக்கு கோலா கெடாவுல பிடிச்சதுண்ணே" என்றால், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகும் மீன்காரன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஏற்ற பொழுதுபோக்கும் அமைந்துவிட்டது. சுங்கைப்பட்டாணியில் தொடங்கி யான், கோத்தா கோலா மூடா வரை அறுபது எழுபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். 'பின்னணிப் பித்தர்கள்' என்று பெயர். பாட்டெல்லாம் இவர்களுக்குத் தூசு. படத்தில் வசனத்துக்கு அடியில் ஓடும் பின்னணி இசைதான் இவர்கள் உயிர். ஒரு படம் வந்து, பிறகு அதன் பின்னணி இசை ஆல்பமாக வெளியாகும்போது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலசுவார்கள். படத்தில் கேட்ட புல்லாங்குழல் ஆல்பத்தில் எங்கே போனது, எந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று விடிய விடியச் சண்டை போடுவார்கள். தீர்ப்புச் சொல்வது மனோகரன். தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முனையில் விளக்கு எரியும் பேனாவால், நிமிடம் வினாடி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வருபவர் அவர் ஒருவர்தான். "கண்ணால காண்றதும் பொய், காதால கேக்கறதும் பொய், தீர விசாரிக்கறதுதான் மெய்" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

அந்த வருடம் வந்த படம் 'கழிமுகத்து வெளிச்சம்'. அதில்தான் வினை வந்தது.

படத்துக்கு வயலின் வாசித்தது என் மகள் என்று ரஃபேல் சொன்னார். ரஃபேல் செம்பனை எண்ணெய் மில்லுக்குப் பழ லாரி ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவர், மனோகரனுக்கு முப்பது வருடக் கூட்டாளி. அவர் மகள் செலஸ்டின் கோலாலம்பூரில் வயலின் படித்துவிட்டு, ஒரு தெரிந்தவர் மூலம் சென்னைக்குப் போய் இரண்டு வாரம் ஒலிப்பதிவில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். வந்ததும் பீடோங்கில் நவமணி அக்காவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து வயலின் வகுப்பு தொடங்கினாள். கடைச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். 'கழிமுகத்து வெளிச்சம் திரைப்படத்தில் தனி வயலின் வாசித்த செலஸ்டின் ரஃபேல்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். வகுப்பு நடந்தால் ஊரோடு இருப்பாள், நடக்காவிட்டால் மறுபடி கோலாலம்பூருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். இது ரஃபேலே சொன்னது.

படம் வந்த முதல் ஞாயிறு, மனோகரன் நோட்டும் பேனாவுமாகப் போய்ப் பார்த்தார். தனி வயலின் எங்குமே இல்லை. கூட்டமாக வயலின்கள் வந்தன, போயின. ஒற்றை வயலின் காதில் விழவில்லை. மூன்றாவது வாரம் ஆல்பம் வந்தது. அதில் பதினான்காவது இசைத்துண்டு முழுக்க ஒற்றை வயலின், மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி. கேட்டால் நெஞ்சைப் பிசையும். ஆனால் ஆல்பத்தின் குறிப்பில் ஐரோப்பாவிலுள்ள ஒரு வாத்தியக் குழுவின் பெயர் மட்டும்தான் இருந்தது. மனோகரன் மறுபடி டிக்கெட் எடுத்துப் படம் பார்த்தார். இரண்டாம் தடவையும் அந்த வயலின் இல்லை.

அவருடைய கணக்கு சுலபமானது. படத்தில் தனி வயலினே இல்லை. ஆல்பத்தில் இருப்பதோ வெள்ளைக்காரன் வாசித்தது. அப்படியானால் பீடோங்குச் சுவரில் இருப்பது என்ன?

ஞாயிறு பூசை முடிந்து ரஃபேல் நவமணி அக்கா கடைக்கு வந்ததும் மனோகரன் மெதுவாகப் பேச்சைக் கொடுத்தார்.

"ரஃபேலு, செலஸ்டின் வாசிச்சது படத்துல எந்த எடம்?"

"எந்த எடம்னா? வயலின் வர்ற எடமெல்லாம் எம்மவதான் லா!" ரஃபேல் ரொட்டி சானாயைக் கிழித்துக் குழம்பில் தோய்த்தார். "வேணும்னா போட்டோ பாரு. ஸ்டூடியோ வாசல்ல நிக்கறா."

"வாசல்ல யாரு வேணும்னாலும் நிக்கலாமே. உள்ள எடுத்தது இல்லையா?"

"உள்ள ஹேண்ட்போன் கொண்டு போவ விட மாட்டாங்களாம்."

அதையும் மனோகரன் மனதுக்குள் நோட்டில் ஏற்றிக்கொண்டார். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். எவ்வளவு வசதி!

ரஃபேல் கிளம்பியதும் அவர் மாடிப்படி ஏறினார். செலஸ்டின் வில்லுக்கு ரோசின் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க அங்கிள்" என்று எழுந்து நின்றாள்.

"பதினாலாவது துண்டு, அந்த ஒத்த வயலின். அது படத்துல எங்கம்மா வருது?"

அவள் கை நின்றது. முகம் சட்டென்று சிவந்தது. "படத்துல... சரியாத் தெரியல அங்கிள்."

"படம் பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டும் தெரியலையா?"

அவள் பிசினைத் துணியில் சுற்றினாள். பிறகு வயலினை எடுத்து, கேட்காமலே, அந்தத் துண்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். ஆல்பம் வந்து பத்து நாள் ஆகிறது, கெட்டிக்காரப் பிள்ளை கேட்டுக் கேட்டுப் படித்திருக்கும் என்று மனோகரன் நினைத்துக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர் அரளக்கூட இல்லை, பட்டப்பகலிலேயே பேயைத் தேடிக்கொண்டிருந்தார். தான் வாசித்த இசை எங்கே வருகிறது என்று வாசித்தவளுக்கே தெரியவில்லையாம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அன்று மாலை குழுவில் எழுதினார். பெயர் போடவில்லை. 'நம் வட்டாரத்தில் ஒருவர் தனி வயலின் வாசித்ததாக விளம்பரம் செய்துவருகிறார். இரண்டு முறை பார்த்துக் குறிப்பெடுத்தேன். அப்படி ஓர் இசை படத்திலேயே இல்லை. முடிவு உங்களுக்கு' என்று மட்டும் எழுதினார். பெயர் போடாத செய்திக்குக் கால் அதிகம். செவ்வாய்க்கிழமைக்குள் பீடோங் முழுக்கத் தெரிந்துவிட்டது. உமாராணி என்ற தாய் வகுப்புக்கு வந்து, தன் இரண்டு பிள்ளைகளையும் கையோடு அழைத்துப்போனாள். "பொய் சொல்ற டீச்சர்கிட்ட என்னா படிக்கப் போவுது?" என்று படியில் இறங்கும்போது சத்தமாகவே சொன்னாள். மாத முடிவில் வகுப்பில் ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள்.

போஸ்டரில் படத்தின் பெயரும் தனி வயலினும் இருந்த வரிமேல் அகலமான பழுப்பு டேப்பை ஒட்டியதும் மனோகரன்தான். "நாளைக்கு ஒங்க கடைக்குத்தான் கெட்ட பேருக்கா" என்றார். நவமணி அக்கா இட்லி ஊற்றிக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஒட்டு ஒட்டு. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள்.

ரஃபேல் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மனோகரன் போன் அடித்தால் எடுக்கவில்லை. குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று மனோகரனின் மனைவி பிரேமாவதி சாடையாகச் சொன்னாள். "உண்மைய சொன்னா ஒறைக்கத்தான் செய்யும்" என்று மனோகரன் சொல்லிவிட்டாரே தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் ரொட்டியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். எதிரே ரஃபேலின் நாற்காலி காலியாக இருந்தது.

ஏழாவது வாரம் படம் இணையத்தில் வந்தது. இணையத்துக்குச் சில சமயம் இசைக் கலவையை மாற்றுவார்கள் என்பதால், அதையும் ஒரு கை பார்க்க, ஞாயிறு காலை பத்து மணிக்கு நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடம் வரை தியேட்டரில் பார்த்ததுதான். கதாநாயகி ஆற்றங்கரையில் வந்து நிற்கிறாள். அடுத்து அவர் எதிர்பார்த்தது மறுநாள் காலைச் சந்தை. வந்ததோ ஒரு படகு. கதாநாயகியும் கதாநாயகனும் படகில் நெருங்கி உட்கார்ந்தார்கள், இன்னும் நெருங்கினார்கள், முத்தமிட்டார்கள். வசனம் இல்லை, தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. ஒற்றை வயலின் மட்டும் இருந்தது.

மனோகரன் கையிலிருந்த பேனா கீழே உருண்டது.

ஆறு நிமிடக் காட்சி. இந்த நாட்டுத் திரையரங்குக்கு வரும்போது அதன்மேல் தணிக்கைக் கத்தரி விழுந்திருக்கிறது. முத்தத்தோடு வயலினும் போயிருக்கிறது. கடைசியில் பெயர்கள் ஓடின. தியேட்டரில் பெயர் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டு, திரையை அணைத்து, துடைப்பத்தோடு வந்துவிடுவார்கள். இங்கே நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நான்காவது நிமிடத்தில் இருந்தது. தனி வயலின், செலஸ்டின் ரஃபேல்.

நோட்டைப் பின்னால் புரட்டினார். முதல் ஞாயிற்றின் பக்கம். அவர் கையெழுத்துத்தான். '1.52. இசை திடீரென்று தாவுகிறது. ஆப்பரேட்டரின் அலட்சியம்.' அதற்குக் கீழே, 'படம் முடிந்தது 2.34. விளம்பரத்தில் 2.40 என்றார்கள், புளுகு.' விடையை அவரே எழுதி வைத்திருந்தார். ஆப்பரேட்டரைச் சந்தேகப்பட்டார், விளம்பரத்தைச் சந்தேகப்பட்டார், ஒரு பெண்பிள்ளையைச் சந்தேகப்பட்டார். தான் பார்த்தது முழுப் படமா என்று மட்டும் ஒரு தடவையும் சந்தேகம் வரவில்லை. பிரேமாவதி கூப்பிட்டது காதில் விழாமல் அப்படியே காடி சாவியை எடுத்து ரஃபேல் வீட்டுக்கு ஓட்டினார்.

கதவைத் திறந்த ரஃபேல், உள்ளே வா என்று சொல்லவில்லை. மனோகரன் வாசலில் நின்றபடியே போனை நீட்டினார்.

"மொதல்ல இத பாரு. அப்புறம் என்னை செருப்பால அடி."

செலஸ்டின் சமையலறையிலிருந்து வந்தாள். அப்பாவும் மகளும் அந்தச் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தார்கள். முத்தம் வந்தபோது ரஃபேல் சுவரிலிருந்த மாதா படத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காதை மட்டும் போனிலேயே வைத்திருந்தார். வயலின் முடியும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

செலஸ்டின் பெயரைப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "இருக்கா? படத்துல இருக்கா?"

"ஒனக்கே தெரியாதாம்மா?" என்றார் மனோகரன்.

"நானும் இங்க தியேட்டர்லதான் பாத்தேன் அங்கிள். கடைசி வரைக்கும் காத்திருந்தேன், வரல. நல்லா இல்லன்னு தூக்கிட்டாங்க, ஆல்பத்துலயும் என் பேரு இல்ல, வேற யாரையோ வாசிக்க வெச்சிட்டாங்கன்னு நெனச்சேன்."

ரஃபேல் மகளைப் பார்த்தார். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் மில்லு வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களே பா. எப்படி சொல்றது?"

மனோகரன் மன்னிப்புக் கேட்டார். தடுமாறித் தடுமாறி, நோட்டைத் திறந்து காட்டி, எங்கே தவறினார் என்பது வரை சொன்னார். செலஸ்டின் பொறுமையாகக் கேட்டாள்.

"படத்துல எங்க வருதுன்னு கேட்டீங்க அங்கிள். நீ வாசிச்சியான்னு ஒரு தடவகூட என்னைக் கேக்கல. கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். அது ஒண்ணுதான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

மனோகரன் யோசித்துப் பார்த்தார். உண்மைதான், கேட்கவே இல்லை. தீர விசாரித்த மனிதர்!

"மனோ," என்றார் ரஃபேல். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "முப்பது வருசக் கூட்டாளி. என் பேச்சுலயும் ஒரு லிட்டர் தண்ணி ஊத்திப் பாத்துட்ட லா." பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

அன்றே மனோகரன் நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். இந்தத் தடவை செலஸ்டினின் பெயரையும் போட்டார், தன் பெயரையும் போட்டார். நாற்பது பேர் கை கூப்பும் பொம்மையை அனுப்பினார்கள். உமாராணியின் பிள்ளைகள் அதற்குள் டேக்வாண்டோ வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை கடைக்குப் போய்ப் போஸ்டரிலிருந்த டேப்பை நகத்தால் நெம்பினார். அவசரப்படாமல், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். டேப்போடு காகிதத்தின் மேல்தோலும் உரிந்து வந்தது. படத்தின் பெயர், தனி வயலின் என்ற எழுத்து எல்லாம் டேப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. சுவரில் வெள்ளையாக ஒரு பட்டை, அதற்குக் கீழே 'செலஸ்டின் ரஃபேல், வயலின் வகுப்பு' என்பது மட்டும் மிச்சம் இருந்தது.

படியிறங்கி வந்த செலஸ்டின் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புதுசா அடிச்சுத் தர்றேம்மா. இதவிடப் பெருசா," என்றார் மனோகரன்.

"வேணாம் அங்கிள். இப்படியே இருக்கட்டும். என் பேர மட்டும் நம்பி வர்றவங்க வரட்டும்."

அவள் நவமணி அக்காவிடம் பால் சேர்க்காத தே ஓ வாங்கிக்கொண்டு மேலே போனாள். மனோகரன் டேப்பைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வழக்கமான மேசையில் உட்கார்ந்தார். மேலே ஐந்து பிள்ளைகளும் வாசிக்கத் தொடங்கினார்கள். அதில் ஒரு பிள்ளைக்குச் சுருதி விலகியது, அவருக்குத் தெளிவாகக் கேட்டது. நவமணி அக்கா, என்ன சொல்லப் போகிறான் என்பதுபோல அவரைப் பார்த்தாள். அவர் எதிரே இருந்த ரஃபேலின் நாற்காலியை மட்டும் துடைத்து நேராகப் போட்டார்.