கதவு சாத்தாத சிம்லேடாண்டா

லீலாம்பர் பராஜுலியைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து நேபாள மலையூரான சிம்லேடாண்டாவின் கடைவீதியில் ஒரு கதவும் சாத்தவில்லை. இழுத்தால் நிலையைத் தொடாமல் நாலு விரற்கடை முன்னால் நின்றுவிடும். தோள்கொடுத்துத் தள்ளியவர்களுக்குத் தோள்தான் வீங்கியது. மழையில் மரம் ஊறிவிட்டது என்றான் தச்சன். அந்த வருடம் மழையே பொய்த்திருந்தது.

லீலாம்பர் துணிக்கடைக்காரர். பேச்சாளர் என்று சொல்ல முடியாது. அவர் பேசினால் முன்வரிசை கொட்டாவி விடும். ராஜா கட்சிகளையெல்லாம் தடைசெய்து, தன் சொல்லுக்கு ஆடும் பஞ்சாயத்து ஆட்சியைக் கொண்டுவந்த பிறகும், சந்தை கூடும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, "நம்மள ஆளுறவன நாமதான் தேர்ந்தெடுக்கணும்" என்று துணி விலை சொல்லும் அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் சிறை.

கதவு சாத்தாத ஊரில் எதுவும் திருட்டுப் போகவில்லை. திருடன் வீடும் திறந்துதான் கிடந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டைகள் குறைந்தன, ஆடுகள் அடுக்களைவரை வந்தன. மாவட்ட அதிகாரிக்குத்தான் பெரும்பாடு. அவர் கக்கூசுக்குப் போனால், ஒரு போலீஸ்காரர் வாசலை அடைத்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. சமவெளியிலிருந்து இரும்புக் கதவுகளைச் சுமையாட்கள் முதுகில் ஏற்றிக் கொண்டுவரச் செய்தார். அவையும் நாலு விரற்கடையில் நின்றன. கடைசியில் அவர் இறங்கி வந்து, பஞ்சாயத்து ஆட்சியே நல்லது என்று லீலாம்பர் ஒரு வரி எழுதிக்கொடுத்தால் அன்றைக்கே விட்டுவிடுவதாகச் சொல்லியனுப்பினார்.

அதற்குள் சில குளிர்காலங்கள் போயிருந்தன. பனிமலைக் காற்று நேரே படுக்கைக்கு வந்தது. ஊர் திரண்டு லீலாம்பரின் மனைவி விஷ்ணுமாயாவிடம் போயிற்று. சாராயம் காய்ச்சி விற்கும் தில்குமாரிதான் பேசினாள்.

"அண்ணி, அண்ணன் தங்கமானவருதான், யாரு இல்லேன்னா? ஆனா எம் புள்ளைக்கு நெஞ்சு இழுக்குது. ஒரு வரி எழுதினா கையா தேஞ்சிடும்?"

விஷ்ணுமாயா மறுநாள் மலையிறங்கிச் சிறைக்குப் போய், அதைக் கூட்டாமல் குறைக்காமல் கணவரிடம் சொன்னாள்.

"நீ என்ன சொல்ற?" என்றார் லீலாம்பர்.

"ஊர் சொன்னதச் சொல்லிட்டேன். என்னக் கேட்டீங்கன்னா, எழுதிக் குடுத்துட்டு வந்தா களி கிண்டிப் போடமாட்டேன். அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். பிறகு தில்குமாரியின் பிள்ளையை நினைத்துச் சற்று அழுதார். போர்த்தியிருந்த கம்பளியை உருவி, கம்பிக்கு வெளியே தள்ளினார். "இத அவகிட்ட குடு."

"உங்களுக்கு?"

"இங்க கதவு நல்லாச் சாத்துது."

தில்குமாரி கம்பளியை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எழுதிக்கொடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கம்பளி உள்ளவர்கள் அது இல்லாதவர்களின் வாசலிலும் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ஒளிந்து திரிந்த கட்சிக்காரர்கள் ஒரு வீட்டில் நுழைந்து பல வீடுகள் வழியாகவே ஊர்க்கோடிக்குப் போய்விடுவார்கள். துரத்தி வந்த போலீஸ்காரர்கள் ஒவ்வொரு அடுக்களையிலும் "வாங்க, உட்காருங்க" என்ற உபசாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். தில்குமாரியின் பிள்ளை பிழைத்து, வளர்ந்து, மீசையும் வைத்தது.

பிறகு ஒரு பங்குனியில் காட்மாண்டுத் தெருக்கள் ஜனங்களால் நிரம்பின. சுட்டார்கள், ஜனங்கள் திரும்பவும் வந்தார்கள். ராஜா இறங்கிவந்தார். கட்சிகளுக்கான தடை நீங்கியது என்று வானொலி சொன்னதும், குன்றுகளில் ஒருவரையொருவர் கூவி அழைக்கும் சத்தம் கேட்டது. தில்குமாரியின் மீசைக்கார மகனே, விடுதலையாகி வந்த, முட்டி தேய்ந்துபோன லீலாம்பரைக் கூடையில் உட்காரவைத்து முதுகில் சுமந்து மலையேறினான். ஊரே அவர்மேல் சிவப்புப் பொடியை இறைத்தது.

"அண்ணே, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள்.

"பசிக்குது" என்றார்.

அன்று பொழுது சாய்ந்ததும், கடைவீதியின் மேல்கோடியில் ஒரு கதவு பொருந்திச் சாத்திக்கொண்டது. அடுத்து அதன் பக்கத்துவீட்டுக் கதவு. அப்படியே வரிசையாகக் கீழ்க்கோடிவரை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மக்காச்சோளம் விதைக்கும் வேலை தலைக்குமேல் கிடந்தது. அவரவர் வீட்டுக் கதகதப்பில் மெல்லக் கால்நீட்டினார்கள்.

லீலாம்பர் தம் வீட்டுத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்பக்கம் இருக்கு" என்றார்.

"வீட்டுல வேற எங்க இருக்கும்?" என்றாள் விஷ்ணுமாயா.

"ஒரு தடவ தெறந்து பாக்கட்டுமா?"

"தெறங்க. யாரு கேக்கப் போறா?"

அவர் திறந்தார், சாத்தினார், மறுபடி திறந்தார். தாழ்ப்பாள் போகிற வருகிற சத்தத்தைக் கேட்டபடியே அந்தத் தெரு தூங்கிப்போயிற்று.