மிச்சம் பிடித்த கலோரி

என் அக்கா வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எங்களையெல்லாம் எறும்பாகப் பார்த்தே பழகியவர். நான் தரையில் நின்று வாக்கி டாக்கியில் 'ஏத்து, இறக்கு' சொல்கிறவன். அவர் தூக்கும் கம்பிக் கட்டு என் தலைக்குப் பக்கமாகத்தான் போகும். அதனால் அவர் உடம்பின்மேல் அக்காவைவிட எனக்கு அக்கறை அதிகம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வருடாந்திரப் பரிசோதனையில் மாமா நூற்றுப் பதினாறு கிலோ. கூண்டு நாற்காலிக்கு நூற்றுப்பத்துதான் வரம்பு. ஆறு வாரத்தில் குறைக்காவிட்டால் நாற்காலி வேறொருவருக்கு என்று கம்பெனி சொல்லிவிட்டது. டாக்டரோ, ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி சாப்பிடச் சொன்னார். மாமா தலையாட்டினார். ஆனால் கிரேன்காரர் மூளையில் ஓர் எண் நுழைந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கிட்டேகூடப் போகக் கூடாத வரம்பு.

"கிரேன் தகட்டுல அஞ்சு டன்னுன்னு போட்டிருந்தா நான் என்னைக்காவது அஞ்சு தூக்கியிருக்கேனா மச்சான்? ரெண்டோட நிறுத்திக்குவேன். இருபது வருஷமா ஒரு விபத்து உண்டா?"

இப்படித்தான் ஆயிரத்து எண்ணூறு, எண்ணூறு ஆனது.

காலையில் ஒரு முட்டை, அதிலும் மஞ்சள் கருவுக்கு நாடு கடத்தல். மதியம் வெள்ளரிக்காய். சாயங்காலமானால் போனில் இருந்த செயலி, 'நீங்கள் மிகக் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் அலறும். மாமா அதை நற்சான்றிதழ் மாதிரி எல்லோரிடமும் நீட்டுவார். "ஆயிரம் மிச்சம் பாத்தியா!"

அக்கா கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாடு? குப்பையில் போட்டால் பாவமில்லையா, நானே சாப்பிட்டேன். அவர் இளைத்த கிலோவெல்லாம் எங்கே போனது என்று என் பெல்ட்டைக் கேட்டால் சொல்லும். 'மாமா, இது ஓவர்' என்று ஒரு நாள்கூட நான் வாய் திறக்கவில்லை. வாயில் சாப்பாடு இருந்தது.

ஆறாவது வாரம் நூற்றெட்டு. சூப்பர்வைசர் கை குலுக்கினார். தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை மெஷினில் ஏறிய மாமா, அதே வெறும் வயிற்றோடு கிரேன் ஏணியிலும் ஏறினார். வெற்றி வீரரல்லவா.

பத்தரை மணிக்குக் கம்பிக் கட்டு ஒன்று மூன்றாவது மாடி உயரத்தில் வந்துகொண்டிருந்தது. "இறக்குங்க மாமா, மெதுவா," என்றேன். கட்டு அப்படியே நின்றது. கீழே வேலை செய்துகொண்டிருந்த நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"மச்சான்..." வாக்கி டாக்கியில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கண்ணு இருட்டிக்கிட்டு வருது. லீவர்லேர்ந்து கைய எடுத்துட்டேன்."

கையை எடுத்தால் கிரேன் நின்றுவிடும். அந்த மட்டுக்கும் புத்தி இருந்ததே. நாலு பேரையும் விரட்டிவிட்டு, பையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டோடு ஏணியில் ஏறினேன்.

மாமா வெளுத்துப்போய், தொப்பலாக வியர்த்து, நாற்காலியில் சரிந்து கிடந்தார். பிஸ்கட்டை வாயருகே கொண்டுபோனேன்.

"இதுல எத்தனை கலோரி?"

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "யோவ், சாப்பிடுய்யா!" என்று கத்தினேன். அவரை யோவ் என்றது அதுதான் முதல் தடவை.

நாலு பிஸ்கட் உள்ளே போனதும் முகத்தில் நிறம் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாக்கி டாக்கி ரிப்பேருன்னு சொல்லிடு மச்சான். இப்ப சரியாயிட்டேன். சீட் போச்சுன்னா உங்கக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

மிச்ச பிஸ்கட்டை அவர் மடியில் வைத்துவிட்டு இறங்கினேன். ஏணியடியில் சூப்பர்வைசர் நின்றிருந்தார். "என்னாச்சு?"

கம்பிக் கட்டு இன்னும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தலைசுத்தல் சார். ஆறு வாரமா சரியா சாப்பிடல. எனக்குத் தெரியும்."

மதியத்துக்குள் மாமாவையும் கம்பிக் கட்டையும் பத்திரமாக இறக்கினார்கள். மயக்கம் வந்தவருக்கு ஒரு வருஷம் கூண்டு கிடையாதாம். அக்கா என்னோடு பேசுவதில்லை. மாமாவுக்குத் தரையில், என் பக்கத்திலேயே, கொக்கி மாட்டும் வேலை. இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் புது ஆபரேட்டர் வந்து முதல் கட்டைத் தூக்கினார். அது ஆடி ஆடி எங்கள் பக்கமாக வந்தது. மாமா அண்ணாந்து பார்த்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாகக் கீழேயிருந்து பார்க்கிறார். மெல்ல என் தோளைப் பிடித்தார்.

"மச்சான், அந்தாளு காலைல சாப்பிட்டாரான்னு கேளு."