மஞ்சள் தண்ணீரில் இரண்டு சாவிகள்

எங்கள் வீட்டுக்காரர் ராமச்சந்திரன், பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஒரு சர்க்யூட் போர்டில் கைரேகை பட்டிருந்தால்கூட ஒதுக்கி வைத்துவிடுகிற மனுஷர். அந்த மனுஷர்தான் ஆயுத பூஜையன்று என் காரின் இரண்டு சாவிகளையும் குத்துவிளக்கோடு சேர்த்து மஞ்சள் தண்ணீரில் ஊறப் போட்டார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

"சாமிகிட்ட வைக்கறதை அலம்பாம வைக்கலாமா, ஜலஜா?" என்றார்.

சரி, ஒரு சாவியை வைத்தால் போதாதா? "ஒண்ணை வெச்சு ஒண்ணை விட்டா ஓரவஞ்சனை இல்லையா?" இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல், என் ஆபீஸ் லேப்டாப் எல்லாவற்றோடும் அவையும் பூஜையில் உட்கார்ந்தன. விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. லேப்டாப்பையாவது அலம்பாமல் விட்டாரே, அது நான் செய்த புண்ணியம்.

விஜயதசமி காலையில் சாவியை எடுத்து அமுக்கினால் கார் வாயே திறக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. வெளியே ஊரெல்லாம் தசரா. இந்தத் தெலுங்கு ஊரில் ஜம்மி என்று சொல்கிற வன்னி இலையைக் கையில் கொடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள், ஒரு கடை திறக்கவில்லை. இவர் சாவிகளை அரிசி டப்பாவில் புதைத்து வைத்தார். அரிசி ஈரத்தை இழுத்துவிடுமாம். மறுநாள் காலையில் அரிசிதான் மஞ்சளாகியிருந்தது.

அந்த மறுநாள் பதினொன்றரைக்கு எனக்கு டிரைவிங் டெஸ்ட்.

எனக்கு இரண்டு வயதில் போலியோ. வலது கால் அன்றோடு சரி. பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் சைக்கிள், காலேஜுக்கு அண்ணனின் ஸ்கூட்டர், மாதாப்பூர் ஆபீஸுக்கு கேப், இல்லாவிட்டால் இவர். நாற்பத்து மூன்று வருஷமாக யாராவது ஒருவர் என்னைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டாவது இறங்கியிருப்பேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் கியர் இல்லாத இந்தக் காரை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வைத்துக்கொண்டோம். தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். கால் வேண்டாம். டெஸ்டை இந்தக் காரில்தான் கொடுக்க முடியும், வாடகைக் காரில் போய் நிற்க முடியாது. எல்.எல்.ஆர். சனிக்கிழமையோடு முடிகிறது. இன்று விட்டால் டாக்டர் சர்டிபிகேட்டிலிருந்து எல்லாம் முதலிலிருந்து. கம்பெனி ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தால், புதுச் சாவி வர மூன்று வாரம் என்றார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு மாதமும் அந்தச் சாவியை நான் கையில் பிடித்ததே இல்லை. இந்த வகைச் சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருக வேண்டாம். காருக்குள் இருந்தால் போதும், பட்டனை அமுக்கினால் கிளம்பிவிடும். பக்கத்து சீட்டில் உட்காரும் இவருடைய சட்டைப் பையில்தான் அது இருக்கும். ஒரு நாள் பெட்ரோல் பங்க்கில் வண்டியை அணைத்ததும் இவர் பாத்ரூமுக்குப் போய்விட்டார். பட்டனை அமுக்கினால், 'சாவி இல்லை' என்கிறது கார். பின்னால் ஏழு வண்டி ஹாரன் அடிக்க, புருஷன் பாத்ரூமிலிருந்து வருகிற வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது.

எட்டு மணிக்கு அப்துல் காதர் வந்தார். உப்பல் ரிங் ரோட்டில் மெட்ரோ தூணுக்குக் கீழே சாவிக் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் வாணியம்பாடி. என் வயதுதான் இருக்கும். ஸ்கூட்டரிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் திறந்தார். மூடியின் உட்புறம் முழுக்கச் சாவிகள், வரிசை வரிசையாக.

"கைக்கு சார், ஏன் ரெண்டையும் நனைச்சீங்க?" என்று இவரைக் கேட்டார். இவர் துளசிச் செடியைப் பார்த்தார்.

"பேட்டரி மாத்தினா சரியாகிடுமா, பாய்?" என்றேன்.

"நக்கோ மேடம், இப்ப பேட்டரி போடாதீங்க. ஈரத்துல கரண்டு ஓடித்தான் உள்ள அரிச்சிருக்கும். முதல்ல கதவைத் திறப்போம்."

சாவியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கொக்கியைத் தள்ளினார். அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு இரும்புச் சாவி உருவிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் உள்ளேயே இருந்திருக்கிறது, திருட்டுப் பயல். கார்க் கதவின் கைப்பிடி ஓரத்தில் இருந்த மூடியை நகத்தால் நெம்பினார். கீழே சாவித் துவாரம். திருகியதும் கதவு திறந்தது, கூடவே கார் ஊரைக் கூட்ட ஆரம்பித்தது. எதிர் பிளாட்டில் மூன்று ஜன்னல் திறந்தன. அவர் சாவகாசமாக பானெட்டைத் தூக்கி ஒரு ஒயரைக் கழற்றினார், சத்தம் நின்றது.

"இரும்பு கதவைத்தான் திறக்கும் மேடம். எஞ்சின் அதுக்கு மசியாது." மூடியிலிருந்து ஒரு பழைய சாவியைக் காட்டினார். "அந்தக் காலத்து வண்டிக்கு இது போதும். பல்லு பொருந்தினா யார் கையில இருந்தாலும் ஓடும். அப்புறம் தலைக்குள்ள சிப்பு வெச்சாங்க. பல்லு பொருந்தினாலும் சிப்பு பதில் சொல்லணும். உங்களுது அதுக்கும் மேல. வண்டி ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கணக்குக் கேட்கும், சாவி அதுக்கு விடை சொல்லும். நேத்து சொன்ன விடை இன்னிக்குச் செல்லாது."

"ரெண்டும்தான் செத்துப் போச்சே, எப்படி விடை சொல்லும்?"

"அந்தச் சிப்புக்கு பேட்டரியே வேண்டாம் மேடம். ஸ்டார்ட் பட்டனைச் சுத்தி உள்ள ஒரு கம்பிச்சுருள் இருக்கு. சாவிக்குள்ள இன்னொரு சுருள். மூக்கோடு மூக்கு வெச்சா, வண்டியே சாவிக்குக் கொஞ்சம் கரண்டு ஊட்டும். அதை வாங்கிக்கிட்டு சிப்பு பேசும்."

யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து, பேட்டரி தீர்ந்துபோனவள் நடுரோட்டில் நின்றால் என்ன செய்வாள் என்று யோசித்திருக்கிறான். முகம் தெரியாத அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

ஒயரை மாட்டிவிட்டு முதல் சாவியை பட்டனில் வைத்துப் பார்த்தார். இல்லை. இரண்டாவது, அதுவும் இல்லை. மணி ஒன்பது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் இவர் முன்னால் அழுதால் இவரும் அழுதுவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

அப்துல் காதர் பதறவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டையும் பிளந்தார். மஞ்சள், சந்தனம், பச்சைக் களிம்பு. ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் தடவித் தடவிச் சுத்தம் செய்தார். என் ஹேர் டிரையரைக் கேட்டு வாங்கி, தூரத்தில் பிடித்துக் காய வைத்தார். பிறகு மீட்டரின் இரண்டு முனைகளால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனார். அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது. ஒரு அவசரம் கிடையாது, ஒரு தடவை தொட்ட இடத்தை மறுபடி தொடுவது கிடையாது.

"இதுல சிப்பு போச்சு, சுருள் நல்லாருக்கு. அதுல சிப்பு நல்லாருக்கு, சுருள் அறுந்திருக்கு."

"ஒண்ணை எடுத்து ஒண்ணுல வைக்கலாமா?" என்றார் இவர், பூஜைக்குப் பிறகு முதல் தடவையாக உருப்படியாக.

"ஹவ் சார், வைக்கலாம். லென்ஸைக் கொஞ்சம் ஆடாமப் பிடிங்க."

பாலாநகர்க்காரர் லென்ஸைப் பிடித்தார். அப்துல் காதர் மிளகு அளவுச் சுருளைச் சாமணத்தால் பெயர்த்து, மற்றதில் வைத்து, கடுகு அளவு ஈயம் தொட்டுச் சூடு வைத்தார். "எங்க லைன்ல இப்படி ஒரு கை கிடையாது பாய்," என்றார் இவர்.

காரில் நான்தான் உட்கார்ந்தேன். இடது கையால் பிரேக்கைத் தள்ளிக்கொண்டு, வலது கையில் சாவியைப் பிடித்து, அதன் மூக்காலேயே பட்டனை அமுக்கினேன்.

எஞ்சின் உறுமியது.

அப்துல் காதர் குனிந்து என் கைப்பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை யாரு செஞ்சாங்க மேடம்? ஆயிரம் வண்டி பார்த்தாச்சு, இதைப் பார்த்ததில்லை." தள்ளி இழுத்துக் காட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கிளம்பும்போது சொன்னார்: "இதோட ரிமோட் பாகம் பொசுங்கிப்போச்சு, இனிமே தூரத்துல இருந்து பேசாது. பக்கத்து சீட்டுல இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஓட்டறவங்க கையிலதான் இருக்கணும்."

டெஸ்ட் டிராக்கில் இவரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மேட்டில் ஏறி நின்றதும் இன்ஸ்பெக்டர் தெலுங்கில், வண்டியை அணைத்து மறுபடி கிளப்பச் சொன்னார். மடியிலிருந்த சாவியை எடுத்து பட்டனில் வைத்தேன். இடுக்கில் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் எட்டிப் பார்த்து, இது என்ன முறை என்று கேட்டார். சுருள், சிப்பு, கணக்கு, விடை எல்லாம் சொன்னேன். மேட்டில் வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. "பாஸ், அம்மா," என்று எழுதிக்கொண்டார்.

லைசென்ஸ் போனில் வந்து சேர மூன்று மணி ஆயிற்று. இவர் சிவப்பு 'எல்' ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார், பிசின்கூட மிச்சமில்லாமல். பிறகு வழக்கம்போலச் சுற்றி வந்து இடது கதவைத் திறந்தார்.

"நீங்க மெட்ரோவுல வாங்க," என்றேன்.

ஒரு நிமிஷம் புரியாமல் நின்றார். அப்புறம் புரிந்தது. கதவைச் சாத்திவிட்டு இரண்டடி பின்னால் போனார். பழக்க தோஷத்தில் கை சட்டைப் பையைத் தடவியது, முகம் திடுக்கிட்டது.

"ஜலஜா, சாவி?"

"என் கையில இருக்கு."