சாட்சிக் கையெழுத்து

சந்தேகம் என் கூடப்பிறந்தது. மீன்காரர் ஒரு மீன் கூடுதலாகப் போட்டால், செவுளைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். அப்படிப்பட்டவளைப் பார்த்து என் மாமியார், "பெங் இம், போய் ஏதாவது பலகாரம் வாங்கிட்டு வா. மெதுவா வந்தாப் போதும்" என்றார். தைப்பிங்கில் அன்று அடைமழை. எந்த மாமியார் இந்த மழையில் மருமகளைப் பலகாரத்துக்கு அனுப்புவாள்?

போன வாரம்தான் என் கொழுந்தன் தியாம் ஹுவாட் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனான். என் கணவர் இறந்து ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. மாமியாருக்குக் கஞ்சி ஊற்றி, கால் பிடித்துவிட்டுக் கிடந்தது நான். இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. வீடு சின்னவன் பெயருக்குப் போகிறது என்று மனசு அடித்துச் சொன்னது.

தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டேன். கூடத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரர் ரொஸ்லியும் மருந்துக்கடை ஹொக் செங்கும் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் ஒரு காகிதம். மாமியார் உள்ளங்கையால் அதை மூடினார்.

"நான் இல்லாத நேரமாப் பாத்து உயிலா, அத்தை?"

"ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். வெளியாளுங்கதான் போடணும்னு உயில் ஃபாரம் வித்த கடைக்காரன் சொன்னான்."

"ஏனாம்?"

"எனக்கென்ன தெரியும்? சொன்னான்."

"ஒம்பது வருஷமா இங்க நடக்கறதுக்கு நான் சாட்சியா, மருந்துக்கடைக்காரரா? உங்களுக்குக் கஞ்சி ஊத்துனதை இவரா பாத்தாரு?"

ஹொக் செங் குடையைத் தேடினார். "நான் கிளம்புறேன். கடையில ஆளில்ல."

"கையை எடுங்க அத்தை. என்ன எழுதியிருக்கீங்கன்னு பாக்கறேன்."

"நான் செத்தப்புறம் பாரு. உன் வாயி சும்மா இருக்காது."

படிக்கத்தான் விடவில்லை, பெயராவது அதில் இருக்கட்டும் என்று நினைத்தேன். சாட்சி நானாக இருந்தால் நாளைக்கு எவனும் என்னை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஹொக் செங் போய்விட்டார். "அவருக்குப் பதிலா நானே சாட்சி போடறேன்" என்று பேனாவை எடுத்தேன். மாமியார் முதலில் "வேணாம்" என்றார்; நான் விடவில்லை.

"சரி, போடு. உன் மனசு ஆறட்டும்."

எழுதியதை ஒரு கையால் மூடியபடியே மாமியார் கையெழுத்திட்டார். ரொஸ்லி போட்டார். நான் முழுப்பெயரையும் அழுத்தி எழுதினேன்.

மறுவருடம் மாமியார் போய்ச் சேர்ந்தார். காரியங்கள் முடிந்து, வக்கீல் அம்மாவின் அறையில் நானும் தியாம் ஹுவாட்டும் உட்கார்ந்தோம். வக்கீல் படித்தார்: "என் வீடு முழுவதும் என் மருமகள் பெங் இம்முக்கு."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எப்பேர்ப்பட்ட மனுஷியை எப்படி நினைத்துவிட்டேன்! வக்கீல் தாளைத் திருப்பினார். அவர் முகம் மாறியது.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான்."

"சாட்சி போட்டவங்களுக்கு எழுதினது செல்லாதும்மா. கண்ணால பாத்திருந்தா மட்டும் போதாது, அந்த உயில்ல அவங்களுக்குன்னு ஒண்ணும் இருக்கக்கூடாது. வீடு இப்ப மகனுக்குத்தான் போகும்." அவர் கண் தியாம் ஹுவாட் பக்கம் போனது. "உங்களைப் போடச் சொன்னது யாரு?"

தியாம் ஹுவாட் என்னைப் பார்த்தான். இவன்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"யாரும் சொல்லல. அத்தை வேணாம்னுதான் சொன்னாங்க. போட வந்தவரை விரட்டிட்டு நானாத்தான் போட்டேன்."