சுங்கை பாக்காப்பில் பத்து நிமிடம்

எனக்கு மூட்டுவலி கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று வருடமாக ஒருத்தியிடம் அந்தப் பொய்யைத்தான் அளந்துகொண்டிருந்தேன். முட்டி வீங்கியிருக்கிறது, பெனாங்குப் பாலம் தாண்டி அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியவில்லை, அடுத்த வாரம் கண்டிப்பாக வருகிறேன் என்று. அந்த ஒருத்தி குணவதி. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டோடு இருக்க, பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்புக்குப் போனாள். போன சூட்டோடு கிட்னி கெட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் சுற்றும் நாள்.

மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்ததும் ராமதாஸ் அண்ணனின் வேன் லிட்டில் இந்தியா முனையில் வந்து நிற்கும். நான், என்னோடு பூசைக்கு வரும் அமலம்மாள் அக்கா, சூலியா தெருவில் கணவரோடு நாணயமாற்றுக் கடை நடத்தும் ஃபஸீலா. மூன்று பேர்தான், ஆனால் சத்தம் முப்பது பேருக்கு இருக்கும். பாலேக் பூலாவ், தைப்பிங், கூலிம் என்று மாதத்துக்கு இரண்டு ஊர். போய்ச் சாப்பிட்டு, படம் எடுத்து, பழமோ கருவாடோ வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வீடு. ஒரே மாதிரி டீ-சட்டைகூட அடித்து வைத்திருக்கிறோம். பளீரென்ற ஆரஞ்சு, முதுகில் 'சண்டே கேங்'. படங்களை எல்லாம் நான் வாட்சாப் ஸ்டேட்டஸில் போடுவேன். குணவதிக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. நோயாளி வீட்டுக்குப் போனால் ஒரு ஞாயிறு வீணாகும். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அவ்வளவுதான், இதற்கு மேல் அலங்காரம் பண்ணிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் விடாமல் குரல் பதிவு அனுப்புவாள். கோவிலுக்குப் பக்கத்துத் தெரு, பச்சை கேட், வாசலில் கறிவேப்பிலை மரம், வழியே கேட்க வேண்டாம் என்று. கேட்டுக் கேட்டு அந்த முகவரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசியில் பொறுக்க முடியாமல், அவள் செய்தி வந்தால் சத்தம் வராதபடி செய்து ஒதுக்கி வைத்துவிட்டேன். தீபாவளி முடிந்த வாரக் கடைசியில் அவள் எண்ணிலிருந்து ஒரே காலையில் மூன்று முறை அழைப்பு வந்தது. பலகாரம் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்த ஞாயிறு. மதியம் புக்கிட் தம்புனில் நண்டு சாப்பிடுவதாகத் திட்டம். காலையில் சுங்கை பாக்காப் பக்கம் செம்பனைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கலாம், காற்று நன்றாக இருக்கும் என்று ராமதாஸ் அண்ணன் சொன்னார். எனக்குள் ஏதோ சுருக்கென்றது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

தோட்டத்து மண்சாலையில் படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு அமலம்மாள் அக்காவுக்கு அவசரம் வந்துவிட்டது. சர்க்கரை உடம்பு, வழியில் இரண்டு இளநீர் வேறு குடித்திருந்தார். பெட்ரோல் நிலையத்தில் டாய்லெட்டுக்குப் பூட்டு. காப்பிக் கடையில் தண்ணீர் வரவில்லை என்றார்கள். அக்கா வேனில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு மாதாவை வேண்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஃபஸீலாவுக்கு ஞாபகம் வந்தது.

"உன் ஃபேக்டரி ஃபிரெண்டு இந்த ஊர்லதானே இருக்கா? அங்க போலாம் லா."

நான் உடனே கணக்குப் போட்டேன். கேவலமான கணக்கு. பத்து நிமிடம். அக்கா டாய்லெட் போய்விட்டு வருவதற்குள் நான் குணவதியிடம் நாலு வார்த்தை பேசிவிடலாம். பார்த்த மாதிரியும் ஆயிற்று, இன்னும் ஒரு வருடத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டியதில்லை. போன் பண்ணிச் சொல்லிவிடு என்றாள் ஃபஸீலா. போனைத் திறந்தால் நான் கேட்காமல் விட்ட செய்திகள் எத்தனை என்று கண்ணில் படும். வேண்டாம், திடீரென்று போய் நின்றால்தான் அவளுக்குச் சந்தோஷம் என்று சமாளித்தேன். வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டேன். கிட்னிக்காரர்களுக்கு வாழைப்பழம் ஆகாது என்று ஃபஸீலா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்து மூன்று வருடச் சிநேகிதியின் லட்சணம் அது.

பச்சை கேட் வாசலில் கூடாரம் போட்டிருந்தது. வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் பெரிய பெரிய அண்டா. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. நம் ஊரில் கல்யாணத்துக்கும் அதே கூடாரம்தான், ஓப்பன் ஹவுஸுக்கும் அதே கூடாரம்தான். தீபாவளி கழிந்து மூன்று வாரம், ஞாயிறு தவறாமல் யாராவது ஒரு வீட்டில் விருந்து நடக்கிற காலம். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. ஊரையே கூப்பிட்டுச் சோறு போடுகிறாள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று! மூன்று அழைப்புகளை எடுக்காதவள் நான். வேனிலிருந்து இறங்கும்போதே ஃபஸீலாவிடம் பொரிந்து தள்ளினேன். ஓர் இளம்பெண் எங்களைப் பார்த்துவிட்டு கேட் வரைக்கும் வந்தாள். குணவதியின் மகள் சாந்தினி. அவள் கல்யாணத்தில் பார்த்தது.

"ஹேப்பி தீபாவளி லா, சாந்தினி! எங்க உங்கம்மா? எனக்குச் சொல்லாம ஓப்பன் ஹவுஸ் வச்சிட்டாளா?"

சாந்தினி கேட்டைத் திறந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இறுக்கமான பிடி. அப்போதுதான் அவள் தோளுக்குப் பின்னால் கூடத்துக்குள் பார்வை போயிற்று. மேசைமேல் குத்துவிளக்கு. மாலை போட்ட படம். எங்கள் தொழிற்சாலைக் குடும்ப தினத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த படம் அது. குணவதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். ஓரத்தில் பாதித் தோள் ஒன்று மிச்சம் இருந்தது, அது என்னுடையது.

சாந்தினி திரும்பி உள்ளே இருந்தவர்களிடம் குரல் உயர்த்திச் சொன்னாள், அம்மாவோட ஃபிரெண்டு, பதினாறாம் நாளுக்குப் பெனாங்குலேருந்து வந்திருக்காங்க என்று. பாட்டுச் சத்தத்தில் நான் உளறியது அவள் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆண்டவரே, நன்றி என்றுகூட மனதுக்குள் சொன்னேன். அம்மா போன்லேருந்து நான் அனுப்புன மெசேஜ் பார்த்தீங்களா ஆண்டி என்று அவள் கேட்டாள். பார்த்தேன்மா என்றேன். நாக்கு கூசவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு இருந்த ஒரே பயம், நாங்கள் எதற்காக அங்கே வந்தோம் என்று அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான். செத்துப்போனவளை நினைத்துப் பதறவில்லை, என் மானத்தை நினைத்துத்தான் பதறினேன்.

ராமதாஸ் அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேன் பக்கமே நின்றுவிட்டார். ஃபஸீலா தன் துப்பட்டாவை எடுத்து என் முதுகில் போர்த்தினாள், ஆரஞ்சு டீ-சட்டையின் எழுத்து தெரியாமல் இருக்கட்டும் என்று. அமலம்மாள் அக்கா படத்தின் முன்னால் சிலுவை போட்டுக் கும்பிட்டுவிட்டு, பாவம், அழவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பின்பக்கம் ஓடினார். நான் வாழைப்பழத்தைப் படத்தின் முன்னால் வைத்தேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்தார்கள். இலை போட்டுச் சைவச் சாப்பாடு. எதிரில் குணவதியின் நாத்தனார் வந்து உட்கார்ந்தார். எழுபது வயதிருக்கும், கணீரென்ற குரல். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா சோஃபியா? மாசாமாசம் வந்து பாப்பீங்களே. நீங்க பாலேக் பூலாவ்லேருந்து கொண்டாந்த ஜாதிக்காய எனக்கும் குடுத்துச்சு குணா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனார். தைப்பிங் ஏரியில் மழையில் நனைந்தோமாமே, கூலிமில் வேன் டயர் பஞ்சராகி ரோட்டிலேயே உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோமாமே, எல்லாம் நீங்கள் வந்து சொன்னதாகக் குணா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும், இந்தக் காலத்தில் கூடப்பிறந்தவர்களே வருவதில்லை, கூட வேலை செய்தவர் பாலம் தாண்டி வருகிறீர்களே, நீங்கள் நல்லா இருக்கணும் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். அவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் பக்கத்தில் ஃபஸீலாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் ஒரு தடவைகூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும்.

தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து பின்கட்டுக்குப் போனேன். சாந்தினி குழாயடியில் ரசவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கொட்டிவிட்டேன்.

"நான் இதுக்கு வரலம்மா. உங்கம்மா போனதே எனக்குத் தெரியாது. அக்காவுக்கு டாய்லெட் போவணும்னு வந்தோம்."

சாந்தினி குழாயை மூடினாள்.

"தெரியும் ஆண்டி. கேட்டுல நீங்க சொன்னது எல்லாம் என் காதுல விழுந்துச்சு."

எனக்கு நிலத்தில் அப்படியே புதைந்துவிடலாம் போல் இருந்தது. அவள் கோபமாகக்கூடப் பேசவில்லை, நிதானமாகச் சொன்னாள். அம்மாவுக்கு ஸ்டேட்டஸ் பார்க்க அவள்தான் சொல்லிக் கொடுத்தாளாம். நான் போடுகிற ஒவ்வொரு படத்தையும் டயாலிசிஸ் நாற்காலியில் படுத்துக்கொண்டே பெரிதாக்கிப் பார்ப்பாளாம், இது எந்த ஊர், இது என்ன சாப்பாடு என்று. முட்டி வலியோடு நான் எப்படி மலை ஏறினேன் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லையாம். இருபத்து மூன்று வருடச் சிநேகிதி எட்டிக்கூடப் பார்க்கவில்லையா என்று அத்தை ஒரு தடவை குத்தலாகக் கேட்டிருக்கிறார். வராமல் என்ன, போன வாரம்கூட வந்தாளே என்று குணவதி சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் நான் வந்துகொண்டிருக்கிறேன். ஜாதிக்காயைப் பசாரில் வாங்கிக் கொடுத்தவள் சாந்தினி.

"எதுக்கும்மா அப்படிச் செஞ்சா?" என்றேன்.

"அம்மாவுக்கு உங்கள விட்டுக்குடுக்க மனசு வரல." வாளியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எனக்கு உங்க மேல கோவம் இருக்கு ஆண்டி. நிறையவே இருக்கு. ஆனா இப்ப வெளிய போய் உண்மையச் சொல்லிராதீங்க. சொன்னா உங்க மனசு லேசாயிரும். பதினாறாம் நாளும் அதுவுமா எங்கம்மா பொய் சொன்னவங்க ஆயிருவாங்க."

சின்னப் பெண். என் வயதில் பாதிகூட இல்லை. நான் ஓடி வந்து அவளிடம் கொட்டியதுகூட என் பாரத்தை இறக்கி வைக்கத்தான் என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதைக் கேட்கக் காத்திருக்கவில்லை, ரசத்தை ஊற்றிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நானும் என் இலைக்குத் திரும்பினேன்.

அமலம்மாள் அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் எனக்காகவே காத்திருந்த மாதிரி, இலைக்கு மேலே குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் ஈப்போவுல இருந்தேன், கடைசி நேரத்துல வந்து சேர முடியல. நீங்க கடைசியா பாத்தப்ப குணா என்னம்மா சொன்னா?"

மேசையில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டு ஆட்களுக்கு அது பெரிய கேள்வி, அவள் கடைசிப் பேச்சில் கொஞ்சமாவது யாரிடமாவது கிடைக்காதா என்று இருந்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவள் அனுப்பிய ஏழெட்டுக் குரல் பதிவுகள் என் பையில் இருக்கிற போனில் கேட்காமலே கிடக்கின்றன. சாந்தினி இரண்டு இலை தள்ளி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"அடுத்த வாரமும் வாடின்னு சொன்னா," என்றேன்.

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபஸீலா தலையைக் குனிந்துகொண்டாள். சாந்தினி வந்து என் சோற்றில் ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

"நீங்க வந்து வந்து போனதுலதான் அது மூணு வருசம் தெம்பா இருந்துச்சு," என்றார் நாத்தனார்.

ஆமாம் என்றேன்.