புலி எடுத்த போட்டோ

கண்டி மாவட்டத்திலேயே, சிறுத்தைப் புலி கெமராவைத் திருப்பிப் பிடித்துப் போட்டோ எடுத்த ஒரே மனிதன் என் மச்சினன் ராஜலிங்கம்தான். முதல் படத்தில் தலை வெட்டுப்பட்டதால் இரண்டாவதும் எடுத்தது. நம்பாதவர்கள் பன்வில சந்தித் தேத்தண்ணிக் கடையில் விசாரிக்கலாம். அங்கேயும் முதலில் யாரும் நம்பவில்லைதான். ஆனால் பிளேன்டி நன்றாயிருக்கும்.

நான் கண்டி நகரத்தில் தண்ணீர் மீட்டர் வாசித்து ஓய்வு பெற்றவன். கதை சொல்வதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

கைவிட்ட தேயிலை மலைக்கு மேலே ஊற்றுத் தண்ணீர் தேங்கும் குழி ஒன்றிருக்கிறது. ஒரு காலையில் அங்கே தாய்ச் சிறுத்தை ஒன்று குட்டியோடு தண்ணீர் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். வால் மட்டும் தோட்டத்து லய வீட்டு வரிசை ஒன்றின் நீளம். சரி, பாதி லயம். அதே குழிக்கு வரும் காட்டுப்பன்றிகள் தன் போஞ்சிப் பாத்தியைக் கிண்டுகின்றன என்று ராஜலிங்கம் பழைய கிளச் கம்பியில் சுருக்குச் செய்து சுற்றிலும் வைத்திருந்தான். கம்பிக்குப் பன்றியும் ஒன்றுதான், புலியும் ஒன்றுதான்.

"கழட்டிரு மாப்ள. குட்டி மாட்டிக்கும்."

"உங்க வாயில பொறந்த புலி என் கம்பியில மாட்டாது மச்சான். போன வருசம் மகாவலியில ஆட்டோவ முழுங்குன மீனு எங்க?"

"ஆட்டோ இல்ல. சைக்கிள்."

அதிகாரிகளிடம் சொன்னால் அவன் உள்ளே போவான்; நான் வீட்டுக்குள்ளே போக முடியாது. என் மனைவி கஜலட்சுமிக்கு அவன் ஒரே தம்பி. நானே ஒரு கம்பியை அவிழ்த்தால் அவன் வேறிடத்தில் இரண்டு கட்டுவான்.

கத்தாரிலிருக்கும் மகளிடம் சொல்லி ஒரு கெமரா வரவழைத்தேன். மரத்தில் கட்டிவிட்டால் போதும், எதிரே எது அசைந்தாலும் தானாகவே படம் எடுக்கும். புதுச் சாமான் ஆயிற்றே என்று கஜலட்சுமி அதைச் சாமி படத்தடியில் வைத்து, கற்பூரம் காட்டி, பொட்டும் வைத்துக் கொடுத்தாள். குழியோரக் கொய்யா மரத்தில் வாரால் இறுக்கிக் கட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் உட்கார்ந்தால் கதிரை சுட்டது. மலையில் எது கத்தினாலும் குட்டி மாட்டிவிட்டதென்று ஓடினேன். ஒரு தடவை கத்தியது பக்கத்து வீட்டு ரேடியோ.

ஒரு கிழமை கழித்துக் கார்டை எடுத்துவந்து, கடையில் வைத்துப் போனில் பார்த்தோம். எல்லாப் படமும் சந்தன நிறம். கெமராவுக்கு நெற்றி எது, கண் எது என்று தெரியாமல் கஜலட்சுமி நட்டநடுக் கண்ணிலேயே பொட்டு வைத்திருந்தாள்.

"புலியக் காணோம் மச்சான். ஆனா தரிசனம் நல்லா இருக்கு," என்றான் ராஜலிங்கம். கடையே குலுங்கியது.

கண்ணைத் துடைத்து மறுபடி கட்டினேன். அவன் லேசுப்பட்டவனா? கெமரா பார்க்காத பக்கமாக, கொய்யா மரத்துக்குப் பின்னால் புதுக் கம்பி வைக்கத் தொடங்கினான்.

அடுத்த தடவை நான் போனபோது கெமரா மரத்தைச் சுற்றி மறுபக்கம் திரும்பியிருந்தது. வாரில் பல் தடம். கார்டை உருவிக்கொண்டு நேரே அவன் வீட்டுக்கு ஓடினேன்.

முதல் படம் மீசை. அடுத்தது நாக்கு. அதற்கடுத்தது முழுக்கப் பல். பிறகு காலை வெளிச்சத்தில், தலையில்லாமல் ராஜலிங்கத்தின் முதுகு. கடைசிப் படத்தில் தலையும் விழுந்திருந்தது. இந்தப் பக்கம் திரும்பிக் குனிந்து கம்பி முறுக்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால், பாறை மேல் தாய்ப்புலி. அதன் முன்னங்கால்களுக்கு நடுவே குட்டி. இரண்டும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். மறுபடி சின்னதாக்கினான்.

"இவ்ளோ கிட்டவா?"

"ஒரு பாய்ச்சல்."

"ஏன் மச்சான் பாயல?"

"ஒங்கிட்ட என்ன கறி இருக்குன்னு யோசிச்சிருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. கம்பி வெட்டும் குறட்டை எடுத்துக்கொண்டு மலையேறினான். மூச்சு வாங்க நானும் பின்னால் போனேன். எனக்குத் தெரிந்த கம்பிகளையும் தெரியாதவற்றையும் ஒன்றுவிடாமல் வெட்டினான். குட்டி தண்ணீர் குடித்த தடத்தில் கிடந்ததை வெட்டும்போது மட்டும் குறடு இரண்டு முறை வழுக்கியது.

சாயங்காலம் கடையில் ஒருவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்ன பெரியவரே, இப்ப புலியே படம் புடிக்குதாமே?"

ராஜலிங்கம் பிளேன்டியை மேசையில் வைத்தான்.

"சிரிக்காதீங்க. மச்சான் சொன்னது நெசம். என்னையத்தான் எடுத்திச்சு. ரெண்டு தரம்."